ஹான் காங்கை ஆங்கிலத்தில் வாசிக்கத் தொடங்குவோருக்கு: பதிப்பு, செலவு, வரிசை

2024 அக்டோபர் 10 அன்று தென்கொரிய நாவலாசிரியர் ஹான் காங்குக்கு இலக்கிய நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட பிறகு, அவரை ஆங்கில மொழிபெயர்ப்பில் வாசிக்க முற்பட்டு, ஏதோ ஒரு நூலின் நடுவில் நிறுத்திவிட்டவர்களை நிறையவே சந்திக்கிறேன். எந்தப் பதிப்பை வாங்குவது, யாருடைய மொழிபெயர்ப்பு, எதை முதலில் எடுப்பது என்ற கேள்விகளுக்கு ஒரே இடத்தில் விடை கிடைக்காமல் நானும் நெடுநாள் அலைந்திருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். இதில் அவருடைய வாழ்க்கை வரலாறோ கொரிய இலக்கிய வரலாறோ இல்லை. நூலைக் கண்டுபிடிப்பதில் தொடங்கி வாசித்து முடிப்பது வரை தேவைப்படுவன மட்டுமே உள்ளன.

1. பெயரைத் தேடும் முறை

கொரியப் பெயர்களில் குடும்பப் பெயர் முதலில் வரும். ஹான் என்பது குடும்பப் பெயர், காங் என்பது இவருக்கு இடப்பட்ட பெயர். ஆகவே புத்தகக் கடையில் இவரை ‘ஹெச்’ எழுத்து வரிசையில் தேட வேண்டும். ஆனால் பெயரைப் பதிவு செய்தவர் காங் என்பதைக் குடும்பப் பெயராகக் கருதியிருந்தால் நூல் ‘கே’ வரிசைக்குப் போயிருக்கும். நூலக அட்டவணைகளில் இரண்டு வரிசையிலும் பார்த்துவிட்டுத்தான் நூல் இல்லை என்ற முடிவுக்கு வர வேண்டும். பிற கொரிய எழுத்தாளர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. ஷின் கியுங்-சூக்கின் ஆங்கில நூல்களில் பெயர் மேற்கத்திய முறைப்படி திருப்பி அச்சிடப்பட்டிருக்கிறது, ஹுவாங் சோக்-யோங்கின் நூல்களிலோ கொரிய முறையே காணப்படுகிறது.

எழுத்தாளரின் பெயரைக் கொரிய எழுத்தில் இட்டுத் தேடுவோருக்கு இன்னொரு தொல்லை உண்டு. சியோல் நகரின் நடுவே ஓடும் ஹான் ஆற்றின் பெயரும் அதே எழுத்துகளால் ஆனது என்பதால், படகுத்துறைகளும் பாலங்களும் பூங்காக்களுமே முதலில் வந்து நிற்கும். நூலின் ஆங்கிலத் தலைப்பையும் மொழிபெயர்ப்பாளர் பெயரையும் சேர்த்துத் தேடுவதே பிழையில்லாத வழி.

2. நூல்கள் எவை, எந்த ஆண்டுக்கு உரியவை

2025 வரை முழு நூலாக ஆங்கிலத்தில் வந்த நாவல்கள் ஐந்து. கொரிய மொழியில் 2007இல் வந்த ‘தி வெஜிடேரியன்’ 2015இல் பிரிட்டனில் ஆங்கிலத்தில் வெளியானது. 2014இல் வந்த ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ 2016இலும், 2016இல் வந்த ‘தி வைட் புக்’ 2017இலும் தொடர்ந்தன. 2011ஆம் ஆண்டுக்கு உரிய ‘கிரீக் லெசன்ஸ்’ 2023 வரை காத்திருந்தது. 2021இல் வந்த ‘வி டு நாட் பார்ட்’ 2025 தொடக்கத்தில் ஆங்கிலத்துக்கு வந்தது.

இந்த இரட்டை ஆண்டுக் கணக்கைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், ஏனெனில் ஆங்கிலப் பதிப்புகளின் வரிசை எழுத்தாளர் எழுதிய வரிசை அன்று. ‘கிரீக் லெசன்ஸ்’ நாவலைக் கையில் எடுப்பவர், 1980இல் தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் நடந்த படுகொலையைப் பற்றி ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ நாவலில் எழுதி முடித்த ஓர் எழுத்தாளர் பிற்காலத்தில் இரண்டு தனி மனிதர்களின் அமைதியான கதைக்குத் திரும்பிவிட்டார் என்று எண்ணிக்கொள்வது எளிது. உண்மையில் அது ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ நாவலுக்கு மூன்று ஆண்டுகள் முந்தியது. ஆங்கில மதிப்புரை எதையாவது வாசிக்கும்போது ‘சமீபத்திய நாவல்’ என்ற சொல் கண்ணில் பட்டால், பதிப்புரிமைப் பக்கத்தில் கொரிய மூலத்தின் ஆண்டை ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

3. பணம் கொடுப்பதற்கு முன் இலவசமாக வாசிக்கக்கூடியவை

நோபல் பரிசு நிறுவனத்தின் இணையதளத்தில், 2024 டிசம்பர் 7 அன்று ஹான் காங் ஸ்டாக்ஹோமில் ஆற்றிய உரையின் ஆங்கில வடிவம் முழுமையாக இருக்கிறது. எட்டு வயதில் தாம் எழுதிய கவிதை ஒன்றைப் பழைய பெட்டியிலிருந்து கண்டெடுத்ததில் தொடங்கி, ஒரு நாவலில் எழுந்த கேள்வி அடுத்த நாவலுக்கு எப்படி இட்டுச் சென்றது என்பதை அவரே அதில் நிதானமாகச் சொல்கிறார். ஒரே அமர்வில் வாசித்துவிடக்கூடிய அளவுடைய இதைக் காட்டிலும் நல்ல அறிமுகம் எனக்குத் தெரிந்து வேறில்லை. கதை முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்று நினைப்பவர்கள், உரை ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ பற்றிப் பேசத் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, மீதியை நாவலுக்குப் பிறகு வாசிக்கலாம்.

பிரிட்டனின் ‘கிராண்டா’ இதழ் 2016இல் ‘தி ஃப்ரூட் ஆஃப் மை உமன்’ என்ற சிறுகதையை டெபோரா ஸ்மித்தின் மொழிபெயர்ப்பில் வெளியிட்டது. அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் பெண் ஒருத்தி மெல்ல மெல்லச் செடியாக மாறும் இந்த 1997ஆம் ஆண்டுக் கதையிலிருந்துதான் ‘தி வெஜிடேரியன்’ முளைத்தது. ஹான் காங்கின் நடை உங்களுக்கு ஒத்துவருமா என்று சோதித்துப் பார்க்க ஏற்ற கதை இது. கொரிய இலக்கிய மொழிபெயர்ப்பு நிறுவனம் ‘கொரியன் லிட்டரேச்சர் நவ்’ என்ற ஆங்கிலக் காலாண்டிதழை நடத்துகிறது. அதன் இணையப் பக்கங்களைக் கட்டணமின்றி வாசிக்கலாம். மின்னூல் கடைகள் ஒவ்வொரு நூலுக்கும் தரும் இலவச மாதிரிப் பக்கங்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

4. பதிப்பைச் சரிபார்த்தல்

எந்த நூலையும் வாங்குவதற்கு முன் மூன்று விவரங்களைப் பாருங்கள்: பதிப்பகம், மொழிபெயர்ப்பாளர், ஐஎஸ்பிஎன் எண் (ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாக இடப்படும் அடையாள எண்).

ஒரே மொழிபெயர்ப்பு பிரிட்டனில் ஒரு பதிப்பகத்திலும் அமெரிக்காவில் வேறொரு பதிப்பகத்திலும் வெவ்வேறு அட்டையோடு வெளிவருகிறது. முதல் மூன்று நூல்களைப் பிரிட்டனில் போர்டோபெல்லோ புக்ஸ் வெளியிட்டது. அந்தப் பெயர் 2019இல் கைவிடப்பட்டதால் பிந்தைய அச்சுகள் கிராண்டா பெயரில் வருகின்றன. அடுத்த இரண்டு நூல்கள் பிரிட்டனில் பெங்குவின் குழுமத்தைச் சேர்ந்த ஹாமிஷ் ஹாமில்டன் வழியாக வந்தன. அமெரிக்கப் பதிப்புகள் ஹோகார்த் வெளியீடுகள். ஆகவே போர்டோபெல்லோ, கிராண்டா, ஹோகார்த் என்று மூன்று பெயர்களில் ‘தி வெஜிடேரியன்’ உங்கள் திரையில் தோன்றினாலும், மூன்றும் டெபோரா ஸ்மித்தின் ஒரே மொழிபெயர்ப்புத்தான். ‘புதிய மொழிபெயர்ப்பு’ என்று நினைத்து இரண்டாவது பிரதிக்குப் பணம் கொடுத்துவிடாதீர்கள்.

மொழிபெயர்ப்பாளர் பெயர்களிலும் குழம்ப இடமுண்டு. முதல் மூன்று நூல்களும் டெபோரா ஸ்மித் மொழிபெயர்த்தவை. ‘கிரீக் லெசன்ஸ்’ நாவலை அவரும் எமிலி யே வோனும் சேர்ந்து செய்திருக்கிறார்கள். ‘வி டு நாட் பார்ட்’ நாவலில் ஈ. யேவோன், பெய்ஜ் அனியா மோரிஸ் என்ற இருவர் பெயர்கள் இருக்கின்றன. எமிலி யே வோனும் ஈ. யேவோனும் ஒருவரே என்பதை நூலகக் கணினி அறியாது. அவர் மொழிபெயர்த்த நூல்களைத் தேடும்போது இரண்டு பெயர்களையும் இட்டுப் பாருங்கள். அட்டையில் மொழிபெயர்ப்பாளர் பெயரைக் காட்டாத விற்பனைப் பக்கம் எதுவானாலும் அதைச் சந்தேகத்தோடு அணுகுவது நல்லது. 2016இல் ‘தி வெஜிடேரியன்’ பெற்ற மேன் புக்கர் இன்டர்நேஷனல் பரிசின் 50,000 பவுண்டில் பாதி மொழிபெயர்ப்பாளருக்குப் போயிற்று. இந்த நூல்களைப் பொறுத்தவரை அந்தப் பெயர் அவ்வளவு முதன்மையானது.

பெரிய பரிசு ஒன்று அறிவிக்கப்பட்டவுடன் அதே தலைப்பில் ‘சுருக்கம்’, ‘வாசக வழிகாட்டி’, ‘பகுப்பாய்வு’ என்ற பெயர்களில் மெல்லிய நூல்கள் இணையக் கடைகளில் வரிசைகட்டும். அட்டையில் நாவலின் பெயர் பெரிதாகவும் ‘சுருக்கம்’ என்ற சொல் மிகச் சிறிதாகவும் இருக்கும். பக்க எண்ணிக்கையையும் ஆசிரியர் பெயரையும் பார்த்தால் தப்பிக்கலாம். நடைபாதையிலும் சில இணைய விற்பனையாளர்களிடமும் கிடைக்கும் திருட்டு அச்சு அதைவிட மோசமானது. ‘தி வைட் புக்’ போன்ற நூலை அப்படி வாங்கவே வாங்காதீர்கள். கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களும், ஒரு பத்தியைச் சுற்றி வேண்டுமென்றே விடப்பட்ட வெற்றிடமும் அந்த நூலின் உறுப்புகள். மங்கிய நகல் அச்சில் இரண்டும் கெட்டுவிடும்.

5. செலவும் காத்திருப்பும்

பொதுவாகப் பிரிட்டிஷ் பதிப்பகம் வாங்கும் விற்பனை உரிமையில் இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா ஆகிய நாடுகளும் அடங்கும், அமெரிக்கப் பதிப்பகத்தின் உரிமை வட அமெரிக்காவை மையமாகக் கொண்டிருக்கும். எனவே சென்னையிலோ கொழும்பிலோ இருப்பவர் அமெரிக்கப் பதிப்புக்கு ஆசைப்படுவதில் பொருளில்லை. உள்ளே இருக்கும் கதை ஒன்றுதான், ஆனால் கடல் கடந்து வரும் கூரியர் கட்டணம் நூலின் விலையையே தாண்டிவிடும். மின்னூலுக்கும் இதே எல்லைதான் பொருந்தும். உங்கள் கணக்கு எந்த நாட்டில் பதிவாகியிருக்கிறதோ அந்த நாட்டுக்கு உரிமையுள்ள பதிப்பு மட்டுமே வாங்கக் கிடைக்கும். வெளிநாட்டிலிருக்கும் உறவினர் தம் கணக்கில் வாங்கியதை உங்கள் கணக்குக்கு மாற்றித் தர இயலாது என்பதால், அன்பளிப்பாகப் பெற விரும்பினால் அச்சு நூலையே கேளுங்கள்.

பழைய மூன்று நூல்களும் மென் அட்டையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கின்றன. புதிதாக வரும் மொழிபெயர்ப்பு முதலில் கெட்டி அட்டையில் வெளியாகி, ஏறக்குறைய ஓராண்டு கழித்து மென் அட்டைக்கு வருவது வழக்கம். நம் பகுதிக்குச் சில வேளைகளில் கெட்டி அட்டைக்கு ஈடாகப் பெரிய அளவு மென் அட்டைப் பதிப்பு ஒன்றை ஏற்றுமதிக்கென்றே தொடக்கத்திலேயே அனுப்புவார்கள். கடையில் கேட்டுப் பாருங்கள். அவசரம் இல்லாதவர் அந்த ஓராண்டில் முந்தைய நான்கு நூல்களையும் முடித்துவிடலாம். ஐந்தையும் ஒரே நேரத்தில் வாங்கிக் குவிப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்கும் பருவமும் கவனிக்கத்தக்கது. நோபல் அறிவிப்புக்குப் பிந்திய ஒரு வாரத்துக்குள் கொரியாவில் மட்டும் அவருடைய நூல்கள் பத்து இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றன. பெரிய புத்தகக் கடைகளின் இணையதளங்கள் முடங்கின. அத்தகைய வாரங்களில் ஆங்கிலப் பிரதிகளும் தீர்ந்துபோக, கையிருப்பு வைத்திருக்கும் தனி விற்பனையாளர்கள் அட்டை விலையைவிட அதிகமாகக் கேட்பார்கள். அட்டையின் பின்புறம் அச்சிட்ட விலையைத் தாண்டி ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டாம். மறு அச்சு சில வாரங்களில் வந்துவிடும்.

6. நூலகத்தின் வழியாக

சிங்கப்பூரிலோ டொராண்டோவிலோ வாழ்பவருக்கு இது மிகவும் சிக்கனமான வழி. சிங்கப்பூர் தேசிய நூலக வாரியமும் டொராண்டோ பொது நூலகமும் ‘லிபி’ செயலி வழியாக மின்னூல்களை இரவல் தருகின்றன. இதற்கு வேண்டிய ஆவணங்கள் அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் மட்டுமே. குடியிருப்போருக்கு உறுப்பினர் அட்டை இலவசம். பணி அனுமதியில் சிங்கப்பூரில் இருப்போர் கட்டண விதிகளை முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். இரவல் காலம் வழக்கமாக 21 நாள். அது முடிந்ததும் நூல் தானாகத் திரும்பிவிடும் என்பதால் தண்டக் கட்டணம் கிடையாது.

புகழ்பெற்ற நூலுக்குக் காத்திருப்போர் பட்டியல் நீண்டிருக்கும். ஆகவே முதல் நாளே எல்லா நூல்களுக்கும் முன்பதிவு செய்துவிடுங்கள். உங்கள் முறை வரும்போது கையில் வேறு நூல் இருந்தால், ‘பிறகு அனுப்புக’ என்ற வசதியைப் பயன்படுத்தி வரிசையில் உங்கள் இடத்தை இழக்காமலே தள்ளிப்போடலாம். இதை அறியாதவர்கள் முன்பதிவை நீக்கிவிட்டு மறுபடி வரிசையின் கடைசியில் போய் நிற்கிறார்கள்.

சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சில் நூலகம் ஆண்டுக் கட்டணத்துக்கு உறுப்பினர்களைச் சேர்க்கிறது. கட்டணம் செலுத்துவதற்கு முன், உங்களுக்கு வேண்டிய தலைப்புகள் இருக்கின்றனவா என்று இணைய அட்டவணையில் பார்த்துவிடுங்கள். இரண்டு நூல்களுக்காக மட்டும் சேர்வதென்றால் கடையில் வாங்குவதே மலிவு.

7. வாசிக்கும் வரிசை

பரிசு பெற்ற நூல் என்பதால் பெரும்பாலோர் ‘தி வெஜிடேரியன்’ நாவலில் தொடங்குகிறார்கள். ஹான் காங்கோ, நோபல் அறிவிக்கப்பட்ட நாளில் எடுக்கப்பட்ட தொலைபேசி நேர்காணலில், தம்முடைய புதிய நாவலான ‘வி டு நாட் பார்ட்’ தொடக்கமாக இருக்கலாம் என்று சொன்னார். இரண்டையும் விட்டுவிட்டு ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ நாவலில் தொடங்குங்கள் என்பதே என் துணிபு. எழுத்தாளரின் சொல்லை மீறுவதற்குக் காரணம் இருக்கிறது. ‘வி டு நாட் பார்ட்’ நாவலின் கதைசொல்லியான கியுங்ஹா, ஒரு நகரத்தில் நடந்த படுகொலையைப் பற்றிப் புத்தகம் எழுதியதன் விளைவாகக் கொடுங்கனவுகளால் வதைபடுபவள். அவள் எழுதிய புத்தகம் எத்தகையது என்பதைக் கொரிய வாசகர் சொல்லாமலே புரிந்துகொள்வார். ஆங்கிலத்தில் புதிதாக வருபவருக்கு அந்தப் பின்னணி ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ வழியாகத்தான் கிடைக்கும்.

அதன் பிறகு ‘தி வைட் புக்’ வாசியுங்கள். பிறந்த இரண்டு மணி நேரத்தில் இறந்துபோன மூத்த சகோதரியை முன்னிறுத்தி, வார்சா நகரில் தங்கியிருந்த காலத்தில், வெண்மையான பொருள்களைப் பற்றி எழுதிய சிறு சிறு குறிப்புகளாக அமைந்த நூல் இது. ஒரே மாலையில் முடித்துவிடக்கூடிய அளவுதான், ஆனால் அப்படி முடிக்காமல் நாளுக்குச் சில பக்கங்களாகப் பிரித்துக்கொண்டால் மனத்தில் தங்கும்.

மூன்றாவதாக ‘தி வெஜிடேரியன்’. இது தனித்தனியே இதழ்களில் வெளிவந்த மூன்று குறுநாவல்களின் தொகுப்பு. முதற்பகுதியை யோங்-ஹே என்ற பெண்ணின் கணவன் சொல்கிறான், இரண்டாம் பகுதி அக்காள் கணவனைத் தொடர்கிறது, மூன்றாம் பகுதி அக்காள் இன்-ஹேயைத் தொடர்கிறது. யோங்-ஹேயின் குரல் முதற்பகுதியில் சாய்வெழுத்தில் வரும் கனவுத் துண்டுகளில் மட்டுமே நேராகக் கேட்கும். கணவனின் சலிப்பூட்டும் குரலை எழுத்தாளரின் குரலாக எடுத்துக்கொண்டு புத்தகத்தை மூடியவர்கள் பலர். மூன்றாம் பகுதி வரை வராதவர் இந்த நாவலை வாசித்தவராக மாட்டார். தலைப்பும் நம்மைத் திசைதிருப்பக்கூடியது. நம் ஊரில் சைவ உணவு சாதியோடும் சமயத்தோடும் பிணைந்தது, அதை மேற்கொள்பவருக்குக் குடும்பத்தில் மதிப்புக் கூடுமே ஒழியக் குறையாது. இந்த நாவலின் கொரியக் குடும்பத்திலோ இறைச்சியை மறுப்பது தகப்பனுக்கும் கணவனுக்கும் கீழ்ப்படிய மறுப்பதாகும், அதற்கான தண்டனையும் சாப்பாட்டு மேசையிலேயே கிடைக்கிறது. ஆங்கிலம் கடினமாக இருந்தால், கவிஞர் சமயவேலின் மொழிபெயர்ப்பில் ‘மரக்கறி’ என்ற பெயரில் தமிழில் கிடைக்கும் நூலை அருகில் வைத்துக்கொண்டு வாசிக்கலாம்.

நான்காவதாக ‘வி டு நாட் பார்ட்’. விரல்கள் துண்டாகி மருத்துவமனையில் கிடக்கும் தோழி இன்சியோன், ஜேஜூ தீவிலுள்ள தன் வீட்டில் தனியே இருக்கும் பறவைக்குத் தண்ணீர் வைக்கும்படி கேட்க, கியுங்ஹா கடும் பனியில் அங்கே புறப்படுகிறாள். பயணப் பகுதி வேண்டுமென்றே மெதுவாக நகர்கிறது. பனியைத் தவிர வேறொன்றும் நடக்கவில்லை என்று தோன்றும் அந்தப் பக்கங்களைத் தாண்டினால்தான், 1948இல் தொடங்கித் தீவில் நடந்த படுகொலைகளும், தன் அண்ணனைத் தேடி ஆயுள் முழுவதும் ஆவணம் சேர்த்த ஒரு தாயும் வருவார்கள். நூலகத்தில் இரவல் பெற்றால் முழு 21 நாளையும் இதற்கு ஒதுக்குங்கள்.

‘கிரீக் லெசன்ஸ்’ நாவலை எந்த இடத்திலும் செருகிக்கொள்ளலாம். பேச்சை இழந்த பெண்ணும் பார்வையை இழந்துகொண்டிருக்கும் கிரேக்க மொழி ஆசிரியரும் அதன் இரு மாந்தர். கனத்த நாவல் ஒன்றை முடித்த பிறகு எடுத்தால் இதமாக இருக்கும்.

8. ‘ஹியூமன் ஆக்ட்ஸ்’ நாவலுக்கு முன் செய்ய வேண்டியவை

இந்த நாவலுக்கு மட்டும் கொஞ்சம் முன்தயாரிப்பு தேவை. முதலில் மொழிபெயர்ப்பாளரின் முன்னுரையைத் தாண்டிச் செல்லாமல் வாசியுங்கள். முன்னுரையைக் கடைசியில் வாசிப்பதே நல்ல பழக்கம் என்பார்கள், இங்கே அது பொருந்தாது. 1979 இறுதியில் இராணுவத்தைக் கைப்பற்றிய சுன் டூ-ஹ்வான் 1980 மே 17 அன்று இராணுவச் சட்டத்தை நாடு முழுவதற்கும் விரிவாக்கியதும், மறுநாள் குவாங்ஜு நகரில் மாணவர் போராட்டமாகத் தொடங்கியது மக்கள் எழுச்சியாக மாறி மே 27 விடியலில் மாகாண அலுவலகக் கட்டடத்தில் ஒடுக்கப்பட்டதும் தெரியாமல், முதல் அத்தியாயத்தில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தில் ஏன் இத்தனை சடலங்கள் கிடத்தப்பட்டிருக்கின்றன என்று விளங்காது.

அடுத்து ஒரு தாளில் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள். டோங்-ஹோ சடலங்களைக் கணக்கெடுக்க உதவும் பள்ளி மாணவன். அவன் வீட்டில் குடியிருந்த நண்பன் ஜோங்-டே, ஜோங்-டேயின் அக்காள் ஜோங்-மி. கூடத்தில் உடன் பணியாற்றும் யுன்-சூக், சியோன்-ஜு, ஜின்-சு ஆகிய மூவரும் பிந்தைய அத்தியாயங்களில் ஆண்டுகள் கழிந்தவர்களாகத் திரும்பி வருவார்கள். முதல் அத்தியாயத்தில் இவர்களைச் சரியாகப் பிடித்துக்கொள்ளாதவருக்கு நாவல் தொடர்பற்ற கதைகளாகச் சிதறிவிடும். கொரியப் பெயர்களின் ஒலி ஒற்றுமை நம் காதுக்குப் புதிது என்பதால் இந்தத் தாள் இல்லாமல் வாசிப்பது வீண் சிரமம்.

மூன்றாவது, ஒவ்வொரு அத்தியாயத்தின் தலைப்பிலும் உள்ள ஆண்டையும், யார் யாரிடம் பேசுகிறார் என்பதையும் கவனியுங்கள். முதல் அத்தியாயம் டோங்-ஹோவை ‘நீ’ என்று அழைத்துச் செல்கிறது. இரண்டாவதில் பேசுவது, குவியலாகப் போடப்பட்ட சடலங்களினிடையே தன் உடலை விட்டு நீங்காமல் நிற்கும் ஓர் உயிர். மூன்றாவது 1985இல் ஒரு பதிப்பகத்தில் வேலை செய்யும் யுன்-சூக் வாங்கிய ஏழு அறைகளை ஒவ்வொன்றாக மறக்க முயல்வதாக அமைந்தது. தணிக்கையில் மை பூசி அழிக்கப்பட்ட நாடகத்தின் வசனங்களை நடிகர்கள் ஒலியின்றி உதடசைத்து நடிக்கும் பகுதி அதில்தான் வருகிறது. பிறகு 1990, 2002, 2010 என்று நகர்ந்து, எழுத்தாளரே பேசும் 2013ஆம் ஆண்டுப் பின்னுரையில் நாவல் முடிகிறது. அந்தப் பின்னுரையும் நாவலின் பகுதியே.

நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் ஒரு வாரம் போதும். சித்திரவதையை விவரிக்கும் நான்காம், ஐந்தாம் அத்தியாயங்களை இரவில் படுக்கப் போகும் முன் வாசிக்க வேண்டாம் என்பதை உபதேசமாக எண்ணாமல் ஏற்றுக்கொள்ளுங்கள்.

9. மொழிபெயர்ப்பு பற்றிய சர்ச்சையை எப்படி எடுத்துக்கொள்வது

‘தி வெஜிடேரியன்’ பற்றித் தேடும் எவருக்கும், அதன் ஆங்கில வடிவம் மூலத்திலிருந்து விலகியது என்ற குற்றச்சாட்டு முதல் சில முடிவுகளிலேயே தென்படும். டெபோரா ஸ்மித் 2010இல்தான் கொரிய மொழி கற்கத் தொடங்கினார். 2016இல் பரிசு கிடைத்த பிறகு கொரிய ஆய்வாளர்கள் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். முதற்பகுதியில் 10.9 விழுக்காடு பிழையாக மொழிபெயர்க்கப்பட்டது, 5.7 விழுக்காடு விடுபட்டது என்று கொரியாவில் நடந்த கருத்தரங்கு ஒன்றில் கணக்குக் காட்டப்பட்டது. மூலத்தின் அடங்கிய நடை ஆங்கிலத்தில் அலங்காரமாகிவிட்டது என்பதே இதைவிடப் பெரிய குறை. ஹான் காங்கோ அந்த மொழிபெயர்ப்பை ஆதரித்தே பேசினார், அடுத்த நூல்களையும் அதே மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்தார்.

இதனால் நாவலைத் தவிர்க்க வேண்டியதில்லை. கதையமைப்பையும் பார்வைக் கோணங்களையும் நம்பி வாசிக்கலாம். ஆனால் மதிப்புரையோ கட்டுரையோ எழுதுபவர், ஆங்கிலத்தில் கண்ட ஓர் உவமையை எடுத்துக்காட்டி ‘இதுவே ஹான் காங்கின் நடை’ என்று முடிவுகட்டக் கூடாது. நடையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், வேறு இருவர் மொழிபெயர்த்த ‘வி டு நாட் பார்ட்’ நாவலையும் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் பொதுவாக இருப்பதை மட்டும் அவருடையதாகக் கொள்வது பாதுகாப்பானது.

10. ஐந்தும் முடிந்த பிறகு

மொழிபெயர்ப்பாளர் பெயர்களை வைத்து அடுத்த நூலைத் தேடுங்கள். ‘கொரிய நாவல்கள்’ என்று பொதுவாகத் தேடினால் பூனைப் படம் போட்ட ஆறுதல் கதைகளே அதிகம் வரும். அவை வேறு வகை. டெபோரா ஸ்மித்தின் பெயரைத் தேடினால் பே சுவாவின் ‘அன்டோல்ட் நைட் அண்ட் டே’ கிடைக்கும். எமிலி யே வோன் என்று தேடினால் ஹுவாங் ஜுங்-யுன் எழுதிய ‘ஐல் கோ ஆன்’ வரும். இந்த இரண்டாவது நூலை வெளியிட்ட டில்டெட் ஆக்சிஸ், டெபோரா ஸ்மித் தொடங்கிய சிறு பதிப்பகம். சிறு பதிப்பக நூல்கள் நம் ஊர்க் கடைகளில் அடுக்கில் இருப்பது அரிது என்பதால், கடைக்காரரிடம் ஐஎஸ்பிஎன் எண்ணை எழுதிக் கொடுத்துத் தருவிக்கச் சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், வரவழைக்கும் கட்டணம் தனியா என்பதையும், நூல் வராவிட்டால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பதையும் கேட்டு, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.